"எதைத் தொலைச்சீங்க தம்பி?"

தலையைக் குனிந்தபடி, உதடு மட்டும் அசைய, ஒரே சீராக எட்டு வைத்து ஒரு ஆள் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? அதை நான் யோசிக்கவே இல்லை. 412 வரை எண்ணியிருந்தேன். பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து, "எதைத் தொலைச்சீங்க தம்பி?" என்றார்.

வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். 413, 414 என்று நடந்துகொண்டே இருந்தேன். அதை அவர் பேச முடியாத துக்கம் என்று எடுத்துக்கொண்டார் போல. ஐந்தே நிமிடத்தில் நாலு பேர் என்னோடு சேர்ந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செல்போன் வெளிச்சத்தைத் தண்டவாளத்தில் அடித்து, "மோதிரமா, சங்கிலியா?" என்றார்.

"ஒண்ணும் தொலையலைங்க. பிளாட்பாரத்தை அளக்கிறேன்."

"எந்த ஆபீஸ்லேருந்து?"

"ஆபீஸ் இல்லை. வீட்டுல ரயில் விடறதுக்கு."

அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர் மட்டும் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். 720 எட்டு. என் எட்டு 75 சென்டிமீட்டர், ஆக 540 மீட்டர். வீட்டுக்கு வந்து சொன்னால் மகள் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அதன் மேல் ஒரு கோடு இழுத்து, "542 வருதுப்பா" என்றாள். பத்து நொடி வேலை. இரண்டே மீட்டர்தான் வித்தியாசம் என்று எனக்குப் பெருமை. வேறு யாருக்கும் இல்லை.

விஷயம் இதுதான். பொம்மை ரயில் வட்டமாகச் சுற்றுவது எனக்குப் போதவில்லை. நிஜமாக இருக்கும் ஒரு ஜங்ஷனை அப்படியே, அதே லூப் லைன் (மெயின் தடத்திலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் தடம்), அதே யார்டு, அதே சிக்னலோடு வீட்டில் வைக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பெரிய கைகள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள், நான் மட்டும் என்ன குறைச்சல்?

ஹெச்.ஓ. அளவு என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 540 மீட்டரை 87-ஆல் வகுத்தேன். 6.2 மீட்டர். எனக்கு ஒதுக்கப்பட்ட அறையின் நீளம் 3.6 மீட்டர். முதல் பிளாட்பாரம் அறையில் தொடங்கி, ஹாலைத் தாண்டி, சமையலறை சிங்க்கில் போய் முடியும் என்றதும் மனைவி, "அங்க இறங்குற பயணிங்க பாத்திரம் தேய்ச்சு வைப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சரி, சின்ன அளவுக்குப் போவோம். 'N' என்ற எழுத்தால் சொல்லும் அளவு, 160-இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் வெறும் 9 மில்லிமீட்டர். பிளாட்பாரம் 3.4 மீட்டருக்குள் அடங்கிவிட்டது! ஒரு மணி நேரம் குதித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மீதி இருக்கும் இருபது சென்டிமீட்டரில் ரயில் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று தோன்றியது. சுவரிலிருந்து வந்து சுவருக்குள் போக வேண்டியதுதான்.

மறுபடி ஹெச்.ஓ. பிளாட்பாரத்தை மூன்றில் ஒரு பங்காக வெட்டினேன். இது ஏமாற்று இல்லை, எல்லாரும் செய்வதுதான். நீளத்தைச் சுருக்கலாம், எந்தத் தடத்திலிருந்து எந்தத் தடத்துக்குப் போகலாம் என்ற வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. அதை மாற்றினால் அது அந்த ஊர் ஸ்டேஷனே இல்லை.

கையால் ஒரு வரைபடம் போட்டேன். பதினான்கு பாயிண்ட் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடம்), நாலு லூப், இன்ஜின் ஷெட், எல்லாம் ஒரே தாளில் அழகாக உட்கார்ந்துவிட்டது. பென்சில்தானே, எங்கே வேண்டுமானாலும் வளைந்துகொடுக்கும். அப்புறம் பாயிண்ட்களின் நிஜ அளவு அச்சுத்தாளை வெட்டித் தரையில் ஒட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். யார்டுக்குள் நுழைவதற்குள்ளேயே பீரோ வந்துவிட்டது. பீரோவுக்கு அடியில் இரண்டு பாயிண்ட், கதவுக்கு வெளியே ஒன்று.

வளைவு அதைவிட மோசம். கடையில் கிடைக்கும் சின்ன வளைவுத் துண்டின் ஆரம் சுமார் 36 சென்டிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 31 மீட்டர். நிஜத்தில் அந்த வளைவில் டிராம் திரும்பும், எக்ஸ்பிரஸ் திரும்பாது. 23.5 மீட்டர் பெட்டிக்கு 27 சென்டிமீட்டர் அட்டை வெட்டி, சக்கரம் வரும் இடங்களில் குண்டூசி குத்தி, அந்த வளைவில் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். பெட்டியின் வயிறு உள்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. மூலை வெளியே நீட்டி, சிக்னலுக்காக நிறுத்தியிருந்த தீக்குச்சியைச் சாய்த்துவிட்டுப் போனது.

இதற்கிடையில் கதவுக்குக் குறுக்கே ஒரு பலகை தேவைப்பட்டது. அம்மா அதற்கு அடியில் ஒரே ஒரு முறை குனிந்து வந்தார். "இது வீடா, குகையாடா?" அன்றே பலகை போயிற்று.

மகள் ஒரு யோசனை சொன்னாள். சுவிட்சர்லாந்தில் புருசியோ என்ற இடத்தில், ரயில் ஒரு வட்டமடித்துத் தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும் ஒன்பது ஆர்ச் வைத்த பாலம். 1908-இலிருந்து ஓடுகிறது. அதன் ஆரம் நிஜத்திலேயே 70 மீட்டர்தான். 87-ஆல் வகுத்தால் 80 சென்டிமீட்டர், சுருக்கவே வேண்டாம்! தரையில் டேப்பால் வட்டம் போட்டு, மகள் அதன் நடுவில் நின்று கையை வீசி ரயில் விட்டாள். ஆனால் அங்கே ஏற்றம் 7 சதவீதம். மாதிரி ரயிலுக்கு 3 சதவீதத்துக்கு மேல் போனாலே மூச்சு வாங்கும். என் இன்ஜினைச் சாய்த்த பலகையில் விட்டேன். சக்கரம் சுற்றியது, இன்ஜின் பின்னால் வந்தது.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது இங்கிலாந்தின் வடக்கே, நார்தம்பர்லாந்தில் கில்ஹாம் என்ற இடத்தின் சைடிங், அதாவது வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடம். ஆலன் ரைட் என்பவர் அதைப் பார்த்துத்தான் இங்கிள்நூக் என்ற ஷண்டிங் புதிரை, அதாவது வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி வரிசைப்படுத்தும் புதிரை அமைத்தார். இரண்டே பாயிண்ட், மூன்று தடம். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்றவற்றில் மும்மூன்று. முன்னால் இன்ஜினும் மூன்று வேகனும் நிற்க ஒரு முட்டுத் தடம். எட்டு வேகனில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே கோர்க்க வேண்டும். 6,720 விதமாக வரும். மொத்தமும் ஒன்றரை மீட்டர் பலகையில் முடிந்துவிட்டது. நிஜமான இடம், நிஜமான தடம். என் மானமும் தப்பியது.

போன வாரம் இருபது நிமிடமாக ஒரு வரிசைக்குத் திணறிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அந்தப் பச்சையை நடுத் தடத்துல தள்ளேன்டா" என்றார். தள்ளினேன். நாலே நகர்த்தலில் முடிந்தது. அன்றிலிருந்து கண்ட்ரோலர் அவர் கையில். எனக்குச் சீட்டுக் குலுக்கும் வேலை.

நேற்று சாயங்காலம் வீடு திரும்பினால், அம்மா தலையைக் குனிந்தபடி ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்ல நடந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"எதையாவது தொலைச்சிட்டியாம்மா?"

பதில் இல்லை. விரலால் பொறு என்று சைகை காட்டிவிட்டு, சமையலறைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார்.