பல் டாக்டரும் நானும்

மதுரையில் 'பாண்டி' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 'பிள்ளை' என்றாலும் அப்படித்தான். 1860இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்து இறங்கியவர்களின் பெயர் வால்கள் இங்கே குடும்பப் பெயர்களாகிவிட்டன. பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவெண்டர் என்று பல்கலைக்கழகத் தொலைபேசிப் பட்டியலில் பக்கம் பக்கமாக வரும். இது எனக்குத் தலைவலியாகும் என்று நாகர்கோவிலிலிருந்து கிளம்பும்போது யார் நினைத்தது?

ஊரில் எழுதிய கட்டுரைகளில் அப்பாவின் முதலெழுத்து முன்னால், என் பெயர் பின்னால். இங்கே வந்தபின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பிள்ளை கடைசியில் ஒட்டிக்கொண்டது. அதையும் ஒரு இதழ் ஊர் ஸ்பெல்லிங்கில் போட்டது, இன்னொன்று டர்பன் ஸ்பெல்லிங்கில். ஆள் ஒன்று, பெயர் மூன்று.

என்.ஆர்.எஃப். தரமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, கடைசி 8 வருட ஆய்வுகளை அதே துறை ஆட்களிடம் படிக்கக் கொடுத்து, ஏ, பி, சி என்று வகை சொல்லும். ஒரு தேடுதளத்தில் என் ஹெச்-இண்டெக்ஸ், அதாவது கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண், 19 என்றிருந்தது. அட, பரவாயில்லையே என்று பட்டியலைத் திறந்தேன். என் ஆய்வு மழையைப் பற்றியது. நேட்டால் கடற்கரை மழைக்கு நடுவே 'பள்ளிக் குழந்தைகளின் பல் சொத்தை'. அதன் கீழே ஈறு வீக்கம். அதே முதலெழுத்துள்ள ஒரு பல் மருத்துவரின் கட்டுரைகள் என் கணக்கில் சேர்ந்திருந்தன. மனுஷர் நன்றாகவே எழுதியிருக்கிறார், மேற்கோள்கள் குவிந்து கிடந்தன. நீக்க நீக்க 19 இறங்கி 13இல் நின்றது. நியாயம்தான், ஆனாலும் வலித்தது.

இன்னொரு தரவுத்தளத்தில் கதை தலைகீழ். அங்கே நான் இரண்டு ஆள். ஒருத்திக்கு 8, மற்றவளுக்கு 5. நூலக ஆன்ட்டியிடம் போனேன். நாலாம் தலைமுறைத் தமிழர். பேச்சு முழுக்க ஆங்கிலம், 'ஐயோ' மட்டும் சுத்தத் தமிழ். திரையைப் பார்த்ததும் அதைத்தான் சொன்னார். பிறகு ஆர்கிட் எண் இருக்கிறதா என்று கேட்டார். 2012இல் தொடங்கிய இலவச ஏற்பாடு அது, ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கம். எப்போதோ பதிந்து மறந்திருந்தேன். பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றி, இரண்டு பக்கங்களையும் இணைக்கச் சொல்லி எழுதினோம். மூன்று வாரம், நாலு மின்னஞ்சல்.

8ம் 5ம் சேர்ந்தால் 13 என்று அம்மா கணக்குப் போட்டாள். அப்படி வராது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது: பத்துக் கட்டுரை, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோளானால்தான் 10. எனக்கு வந்தது அந்த 10தான். தேடுதளம் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை எல்லாவற்றையும் எண்ணுவதால் அங்கே 13.

இதைவிடக் கஷ்டம், விண்ணப்பத்துக்கு என் கட்டுரைகளில் சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுப்பது. அதிகம் மேற்கோளானது நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து எழுதியது. அதில் என் பங்கு ஒரே ஒரு அட்டவணை. அதைக் கடைசியில் வைத்து, 'ஒரு அட்டவணை' என்றே எழுதினேன். முதலில் வைத்தது பழைய மழைமானிப் பதிவுகளைச் சரிபார்த்த கட்டுரை. மேற்கோள் 14தான். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழை, புவி சூடாவதற்கு முன் 40 வருடத்துக்கு ஒருமுறை, இப்போது 20 வருடத்துக்கு ஒருமுறை என்று உலக வானிலைக் காரணமறிதல் குழு கணித்தது. இப்படிச் சொல்ல வேண்டுமானால் பழைய பதிவுகள் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த வேலைக்குக் கைதட்ட ஆள் குறைவு.

பல மாதம் கழித்து முடிவு வந்தது: சி வகை, நிலைபெற்ற ஆராய்ச்சியாளர். மதிப்பிட்டவர்களில் ஒருவர் அந்த மழைமானிக் கட்டுரையைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தார். ஹெச்-இண்டெக்ஸைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டேன்.

"சி-யா?" என்றாள் அம்மா. "பள்ளிக்கூடத்துல எப்பவும் ஏ வாங்குன புள்ளயாச்சே மக்ளே... அந்தப் பல் டாக்டருக்கு என்னவாம்?"