பெர்லினில் முதல் சில நாள்கள்: காசு எங்கே போகும், எங்கே போகாது

குளிர்கால செமஸ்டருக்காகச் செப்டம்பர் கடைசியில் பெர்லின் வந்து இறங்கும் மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த ஊரின் முக்கியமான இடங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பர்ஸ் கரைவது பெரும்பாலும் ரயில் டிக்கெட்டில்தான், அதிலும் தெரியாமல் செய்யும் தவறுகளில்.

ஊரின் போக்குவரத்து ஏ, பி, சி என்று மூன்று வளையங்களாகப் பிரிந்திருக்கிறது. ஊருக்குள் சுற்ற ஏபி டிக்கெட் போதும். விமான நிலையம் சி வளையத்தில் இருப்பதால் அங்கிருந்து வர ஏபிசி டிக்கெட் வேண்டும். நிலையங்களில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் ஏறினால், கதவு மூடியதும் பக்கத்தில் நிற்கும் சாதாரண உடைக்காரர் அடையாள அட்டையை நீட்டுவார். அபராதம் 60 யூரோ. இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட்டை பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்தியாக வேண்டும். குத்தாமல் ஏறினால் டிக்கெட் இல்லாத கணக்குதான். "இன்றைக்குத்தான் ஊருக்கு வந்தேன்" என்பதெல்லாம் எடுபடாது. செயலியில் வாங்கினால் முத்திரை தேவையில்லை, ஆனால் ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

ஒற்றைப் பயண டிக்கெட் 2 மணி நேரம் செல்லும். எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம், வந்த வழியே திரும்பத்தான் கூடாது. ரயிலில் 3 நிறுத்தம், பஸ்ஸிலோ டிராமிலோ 6 நிறுத்தம் என்றால் குறுந்தூர டிக்கெட் மலிவு. பல்கலைக்கழகம் தரும் செமஸ்டர் டிக்கெட்டை நம்பி வருபவர்கள் தேதியைக் கவனியுங்கள்: செமஸ்டர் தொடங்குவது அக்டோபர் 1. அதற்கு முந்தைய நாள்களுக்குத் தனியாக எடுக்கத்தான் வேண்டும். ஒரே நாளில் நிறைய ஏறி இறங்குவதாக இருந்தால் 24 மணி நேர டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

அப்படி ஒரு டிக்கெட் கையில் இருந்தால் சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண நகரப் பேருந்தான 100ஆம் எண் ஜூ நிலையத்திலிருந்து அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை போகிறது. வெற்றித் தூண், குடியரசுத் தலைவர் மாளிகை, நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக், பிராண்டன்பர்க் வாயில் பக்கம், அருங்காட்சியகத் தீவு என எல்லாம் அதன் வழியில் வருகின்றன. மாடி பஸ். புறப்படும் இடத்திலேயே ஏறினால்தான் மேல்தளத்தின் முன்வரிசை கிடைக்கும்.

ரைக்ஸ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் நாடாளுமன்ற இணையதளத்தில் முன்பதிவு உண்டு. நம் ஆட்கள் தடுமாறும் இடம் பெயர்ப் பெட்டி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், சிலருக்குக் காலியாக இருக்கும். எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள், அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்கள். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த இந்தக் குவிமாடம் 1999இல் திறக்கப்பட்டது. நடுவில் தொங்கும் கண்ணாடிக் கூம்பு வெளிச்சத்தைக் கீழே இருக்கும் அவைக்குள் திருப்பிவிடுகிறது. சுழல்பாதையில் ஏற ஏற இலவச ஒலி வழிகாட்டி தானாகவே அந்தந்த இடத்தைப் பற்றிப் பேசும். இருட்டிய பிறகும் திறந்திருப்பதால் இதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சம் மற்ற இடங்களுக்கு வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவரைப் பார்க்க எல்லோரும் ஓடுவது ஈஸ்ட் சைடு கேலரிக்கு. 1.3 கிலோமீட்டர் நீளம், ஓவியங்கள் அழகு, படம் எடுக்கத் தோது. ஆனால் சுவர் என்றால் என்ன என்று புரிய பெர்னாவர் தெருவுக்குத்தான் போக வேண்டும். எஸ்-பான் எனும் நகர ரயிலில் நோர்ட்பான்ஹோஃப் இறங்கினால் எதிரிலேயே தொடங்கிவிடும். இங்கே வீடுகள் கிழக்கு, வாசல் நடைபாதை மேற்கு. 1961 ஆகஸ்டில் சுவர் எழும்பியபோது ஜன்னலிலிருந்து குதித்துத் தப்பினார்கள். சுவர் நின்ற கோட்டில் இப்போது துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் நட்டிருக்கிறார்கள். எதிர்ப்புறத்து ஆவண மையத்தின் கோபுரத்தில் ஏறினால் இரண்டு சுவர்கள், நடுவே மணல், காவல் கோபுரம் என்று அந்த மரணப் பட்டையின் ஒரு துண்டு அப்படியே தெரியும். கொஞ்சம் தள்ளி ஒரு சிறு பிரார்த்தனைக் கூடம். இரண்டு சுவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய தேவாலயத்தை 1985இல் கிழக்கு ஜெர்மனி வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 2000இல் கட்டிய கூடத்தின் மண்சுவரை உற்றுப் பார்த்தால், களிமண்ணோடு சேர்த்து இடித்த பழைய தேவாலயத்தின் செங்கல் சில்லுகள் தெரியும். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அன்றைய எல்லைக் கடவான செக்பாயின்ட் சார்லியில் இப்போது இருப்பது நகல் சாவடி. ஐந்து நிமிடம் போதும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் எஸ்9 ரயில் நிற்கும் ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்துக்குத் தமிழர் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1980களின் முதல் பாதியில் ஈழத் தமிழர் பலர் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசாவோடு இந்த நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து புகலிடம் கேட்டார்கள். இரு பெர்லின்களுக்கும் நடுவே இருந்த கோட்டைச் சர்வதேச எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால் மேற்குப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி அவர்களுக்கு அந்த விசாவை நிறுத்தியது. நிலையத்தை ஒட்டிய 'கண்ணீர் மாளிகை', கிழக்கிலிருந்து வெளியேறுவோருக்கான அன்றைய சோதனைக் கூடம், இன்று இலவச அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை.

அருங்காட்சியகத் தீவில் மட்டும் காசு உண்டு. மாணவர் அட்டையைக் காட்டினால் சலுகை. அங்குள்ள பெர்கமோன் அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2023 அக்டோபரில் மூடியது, பகுதி பகுதியாகத்தான் திறக்கும். இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலை இருப்பது நோயஸ் அருங்காட்சியகத்தில். அந்த அறையில் படமெடுக்க அனுமதி இல்லை.

சில்லறை விஷயங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், அக்டோபர் 3 தேசிய விடுமுறைக்கும் அப்படியே. அவசரத்துக்கு மத்திய ரயில் நிலையத்துக் கடைகள் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினால் வைப்புத்தொகை 25 சென்ட் சேர்த்தே பில் போடுவார்கள். நசுக்காமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டு வரும் சீட்டை, மறக்காமல் அதே கடையின் கல்லாவில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.