ரம்பொடை ஏற்றத்தில் எரிந்த லைட்டும் ஒரு சின்ன சென்சரும்

மூன்று வாரத்துக்கு முன்பு, கம்பளையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானுஓயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். புசல்லாவை தாண்டும் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது என்ஜின் லைட் எரிந்தது, அடுத்த இரண்டு வளைவுக்குள் காரின் இழுவையே போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் 3000 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடிக்க, பின் சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிட, இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு நுவரெலியா வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஒரு கராஜில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, டிபிஎஃப் என்கிற டீசல் புகை வடிகட்டி அடைத்துவிட்டது, புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலை என் பல மாதச் சம்பளம். முடியாவிட்டால் அதை வெட்டி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று இல்லாத மாதிரி மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைப்பதுதான் அந்த வடிகட்டியின் வேலை. எங்கள் ரோட்டில் காலையில் பிள்ளைகள் ஓரமாக நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள், என் காருக்குப் பின்னால் வரும் காற்றைத்தான் அவர்கள் சுவாசிக்கிறார்கள்.

கராஜில் தந்த தாளில் இரண்டு கோளாறு எண்கள் இருந்தன. ஒன்று டிபிஎஃப் சம்பந்தப்பட்டது. மற்றது பி2033. அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. புகை வெப்பத்தை அளக்கும் இரண்டாவது சென்சரின் சுற்றில் அளவு மிக அதிகம் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். என் காரில் இப்படி மூன்று சென்சர்கள் இருக்கின்றன: டர்போவுக்கு முன்னால் ஒன்று, வடிகட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

இது ஏன் முக்கியம் என்றால், வடிகட்டி ஒன்றும் நிரந்தரமாக நிரம்பிக் கிடக்கும் சாமான் இல்லை. கரி ஓர் அளவு சேர்ந்ததும் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை சூட்டை ஏற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். சூடு கூடினால் உள்ளே இருக்கும் பீங்கான் வெடித்துவிடும் என்பதால் வெப்பம் எவ்வளவு என்று தெரியாமல் அது அந்த வேலையில் இறங்காது. அதாவது ஒரு சென்சர் செத்தால் எரிப்பு நின்றுபோகும், கரி சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் வடிகட்டி அடைத்துவிட்டது என்று லைட் எரியும். அடைப்பு உண்மைதான். ஆனால் அது விளைவு. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் மலைப்பக்க ஓட்டமும் இதற்குத் தோதாக இல்லை. நான் தினமும் நானுஓயாவில் இருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகிறேன். பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை, என்ஜின் சரியாகச் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். இறக்கத்தில் மிதிக்காமல் கியரில் விட்டால் டீசல் தெளிப்பதே நின்றுவிடும், சைலன்சருக்குள் வெறும் காற்றுதான் போகும், இருந்த சூடும் இறங்கிவிடும்.

தலவாக்கலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் இருக்கிறார், அப்பா காலத்துப் பழக்கம். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன வார்த்தை: "தம்பி, ஒண்ணையும் கழட்ட வேணாம். ராத்திரி முழுக்க வண்டி வெளியில நிக்கட்டும். விடியக்காலம் ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போட்டு மூணு சென்சரும் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

எவ்வளவு நேர்மையான சோதனை! இரவெல்லாம் குளிரில் நின்ற காரில் என்ஜின், சைலன்சர், டர்போ எல்லாம் ஒரே வெப்பத்தில்தான் இருக்கும். காலை ஐந்தரைக்கு டார்ச்சும் போனும் எடுத்துக்கொண்டு போனேன். பனி கண்ணாடியெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் ஓபிடி கருவியை மாட்டிப் பார்த்தால் முதல் சென்சர் 11 பாகை, மூன்றாவது 11 பாகை, நடுவில் உள்ளது 900க்கு மேல் காட்டி அப்படியே நின்றது. கையை வைத்தால் விறைக்கிற இரும்புக்குள் 900 பாகை!

என் காரில் இருப்பது சூடு கூடக்கூட மின்தடை கூடும் வகை. உள்ளே கம்பி அறுந்தால் தடை எல்லை மீறும், கம்ப்யூட்டர் அதைக் கடும் சூடு என்று எடுத்துக்கொள்ளும். சில கார்களில் எதிர் வகை இருக்கும், அதில் கம்பி அறுந்தால் கடுங்குளிர் காட்டும். அப்படிக் காட்டினாலும் குழம்ப வேண்டாம், நோய் ஒன்றுதான்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழட்டின சாமான் மலிவாகக் கிடைக்கும் என்றார் ஒரு நண்பர். கதவோ கண்ணாடியோ என்றால் நானும் வாங்கியிருப்பேன். வருடக்கணக்காக நெருப்பில் வெந்த சென்சரைக் காசு கொடுத்து வாங்கி மறுபடி நெருப்பில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழையதில் இருந்த பார்ட் நம்பரைக் கொடுத்துக் கொழும்பில் இருந்து புதியது எடுப்பித்தேன். வடிகட்டிக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மாற்றுகிற வேலை சொல்வதற்குச் சுலபம், செய்யும்போதுதான் தெரியும். அந்த நட் வெப்பத்தில் சைலன்சர் பைப்போடு ஒட்டிப்போயிருக்கும். வலுக்கட்டாயமாகத் திருகினால் பைப்பில் உள்ள மரை பிய்ந்துவிடும், அப்புறம் செலவு வேறு மாதிரி. முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். காலையில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை சுடாத அளவு இளஞ்சூட்டில் நிறுத்தினோம். என் அண்ணன் புதிய சென்சரை, பைப்பில் இருந்த பழையதின் பக்கத்தில் பிடித்து வயர் நீளம், நட் அளவு, பிளக் எல்லாம் ஒன்றுதானா என்று பார்த்தார். சரி என்று உறுதியானதும் கட்டிங் பிளையரால் பழையதின் வயரை நறுக்கென்று வெட்டிவிட்டார். வயர் இருந்தால் வாய் திறந்த ஸ்பேனர்தான் போகும், அது வழுக்கி நட்டின் முனையை மழுக்கிவிடும். வயர் போனால் முழு வட்ட ஸ்பேனரை மேலிருந்து இறக்கலாம். 17ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு, இழுக்காமல் நிதானமாக அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. "விட்டுருச்சு தம்பி," என்றார். ஒரேயடியாகக் கழட்டாமல் கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி எண்ணெய் என்று பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்த சாமான் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நுனி முழுக்கச் சாம்பல் நிறக் கரி, கழுத்துப் பக்கம் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. மீட்டரை வைத்தால் தொடர்பே இல்லை. புதியதை வைத்தோம், 208 ஓம். உறைநிலையில் 200 ஓம் இருக்கவேண்டிய வகை இது, அன்றைய குளிருக்குக் கணக்கு அப்படியே பொருந்தியது.

புதியதின் மரையில் மட்டும் கடும் சூடு தாங்கும் கிரீஸைக் கொஞ்சம் தடவினார். நுனியில் படவே கூடாது. முதலில் கையாலேயே முழுதாகத் திருகி, பிறகு என் காருக்குச் சொல்லப்பட்ட 45 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கினார். வயர் முறுக்காமல், பழையது போன அதே வழியில், அதே கிளிப்புகளில். சைலன்சரில் உரசினால் ஒரு மாதத்தில் உருகிவிடும் என்றார்.

கோளாறு எண்களை அழித்துவிட்டு, அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனை அவன் கையில் கொடுத்துக் கம்பளைக்கு இறங்கினோம். அங்கே சூப்பர் டீசல் அடித்தேன், கந்தகம் குறைவு என்பதால் இப்போது அதைத்தான் அடிக்கிறேன். திரும்பி ஏறும்போது 2500 சுற்றுக்குக் குறையாமல் கியரைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, 380... 450... மாமா, 590!" என்று அவன் கத்தினான். அதே ரம்பொடை வளைவுகளில்தான் 610 தொட்டது. எரிப்பு முடியும்வரை நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தத் தோன்றினாலும் மானாப்புல் காய்ந்து கிடக்கிற ஓரத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அடியில் அவ்வளவு சூடு இருக்கும்.

நுவரெலியா வந்தபோது லைட் இல்லை, இழுவை முழுதாகத் திரும்பியிருந்தது. வீட்டுக்கு வந்து என்ஜின் ஆயில் மட்டத்தையும் பார்த்தேன், எரிப்பு பாதியில் நின்ற கார்களில் டீசல் ஆயிலில் கலந்து மட்டம் ஏறியிருக்கும். என் காரில் ஏறவில்லை. மறுநாள் விடியற்காலை மறுபடி பனிக்குள் போய் சாவியைப் போட்டேன். 12, 12, 12.