ஜெர்மனியில் துணை நிறுவனம்: பதிவு முடியும்வரை பொறுப்பு யார் தலையில்?

எங்கள் மென்பொருள் கம்பெனிக்கு ஜெர்மனியில் சில வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இந்தியாவிலிருந்தே இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கேயே ஒரு கம்பெனி இருந்தால்தான் அடுத்த ஒப்பந்தம் என்று அவர்களில் ஒருவர் சொல்லிவிட, ஃபைனான்ஸ் பிரிவிலிருந்த என்னிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது.

எந்த வடிவம் என்பதில் பெரிய விவாதம் இல்லை. ஒரு யூரோ மூலதனத்தில்கூடத் தொடங்கக்கூடிய 'யூ.ஜி' என்று ஒன்று உண்டு. ஆனால் பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் அதற்கு மதிப்புக் குறைவு என்று வக்கீல் சொன்னார். 25,000 யூரோ மூலதனத்தில் ஜி.எம்.பி.எச் (நம்மூர் பிரைவேட் லிமிடெட் போன்றது) என்று முடிவானது. அதில் பாதி, அதாவது 12,500 யூரோ, பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கணக்கில் இருந்தாக வேண்டும்.

முதல் முட்டுக்கட்டை தாய் கம்பெனியின் காகிதங்களில் வந்தது. ஜெர்மனியில் வணிகப் பதிவேட்டைத் திறந்தால், ஒரு கம்பெனிக்காக யார் தனியாகக் கையெழுத்திடலாம், யார் இன்னொருவரோடு சேர்ந்துதான் போடலாம் என்பது வரை அதிலேயே இருக்கும். நம் நாட்டின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர் பட்டியல்தான் இருக்கிறது. கையெழுத்து அதிகாரம் போர்டு தீர்மானத்தில் இருக்கிறது. "இவர் கம்பெனியின் இயக்குநர் என்பது புரிகிறது, இவர் கையெழுத்து கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஜெர்மன் தரப்பு கேட்டது குதர்க்கம் அல்ல. தீர்மானம், நிறுவனச் சான்றிதழ், விதிமுறை ஆவணம் எல்லாவற்றையும் சான்றொப்பத்தோடு கட்டாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போஸ்டில் (ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஆவணச் சான்று) வாங்கினால் போதும் என்று இணையத்தில் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005-இல் அமலுக்கு வந்தது, ஆனால் ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் இரு நாடுகளுக்கும் இடையே அது செல்லுபடியாகாது. பவர் ஆஃப் அட்டர்னிக்கு நாங்கள் எடுத்த வழி, இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகத்திலேயே கையெழுத்துக்குச் சான்று வாங்குவது. 2022 ஆகஸ்ட் முதல் வீடியோ வழியாகவே ஜி.எம்.பி.எச் தொடங்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் ஏற்கும் மின்னணு அடையாளம் வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது.

ஆகவே அந்தப் பவர் ஆஃப் அட்டர்னியோடு நான் நேரில் ஜெர்மன் நோட்டரியிடம் போனேன். நம்மூர் நோட்டரி போல முத்திரை குத்திவிட்டு அனுப்பும் ஆள் அல்ல அங்கே. ஆவணம் முழுவதையும் தரப்பினர் முன் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது சட்டம். படித்தார். முகவரி, மூலதனம், நிதியாண்டு, பங்கு மாற்றம் என்று ஒரு வரி விடாமல், ஜெர்மனில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் அதே பத்தி, மூச்சு விடாத வேகத்தில். சடங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பெனியின் நோக்கம் பற்றிய பகுதி வந்ததும் நிறுத்தி, "ஆட்களை வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்காரவைத்து, அவர்கள் சொல்படி வேலை செய்ய விடுவீர்களா?" என்று கேட்டார். அப்படியானால் அது தொழிலாளர்களை வாடகைக்கு விடுவதாகக் கருதப்படும், தனி அனுமதி தேவை. ஐ.டி. கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது. நோட்டரி கட்டணம் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது, எந்த ஊரிலும் ஒன்றுதான். பேரம் பேசலாமா என்று எங்கள் எம்.டி. கேட்டதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

கையெழுத்தானதும் கம்பெனி பிறந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. பதிவேட்டில் ஏறும்வரை பெயருக்குப் பின்னால் 'உருவாக்கத்தில்' என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும். இந்த இடைக்காலத்தில் கம்பெனி பெயரில் யார் ஒப்பந்தம் போடுகிறாரோ அவரே சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்ளலாம். வரையறுத்த பொறுப்பு என்ற கவசம் பதிவுக்குப் பிறகுதான். ஆனால் இந்தக் காலம் சீக்கிரம் முடிந்துவிடவும் செய்யாது. வங்கிக் கணக்கு திறந்தால்தான் மூலதனம் போட முடியும். கணக்கு திறக்க, 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் உண்மையான உரிமையாளர் யார் என்று வங்கி கடைசி மனிதர்வரை தோண்டும். குடும்பத்துக்குள் ஹோல்டிங் கம்பெனி வைத்திருப்பவர்கள் இதற்கென்றே ஒரு படம் வரைந்து தயாராக வைத்திருங்கள். இந்தியப் பக்கம், ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண் இல்லாமல் ஒரு யூரோகூட வெளியே போகாது. அதற்கு நம் வங்கி வழியாக எஃப்.சி என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். நம் வங்கி அங்கத்திய ஆவணத்தைக் கேட்கும், அங்கத்திய வங்கி பணம் எப்போது வரும் என்று கேட்கும். இரண்டு பக்கமும் மெயில் போட்டே விரல் தேய்ந்தது.

நடுவில் அந்த வாடிக்கையாளர் கையெழுத்துக்கு அவசரப்படுத்தினார். அங்கே ஏற்கெனவே பேசி வைத்திருந்த விற்பனைக்காரர், தாய் கம்பெனி சார்பில் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். வரி ஆலோசகர் அதைத் தடுத்தார். நமக்காக ஒருவர் அந்த நாட்டில் இருந்துகொண்டு வழக்கமாக ஒப்பந்தங்களை முடித்துக்கொடுத்தால், இரட்டை வரி ஒப்பந்தப்படி தாய் கம்பெனிக்கே அங்கு நிலையான தொழிலிடம் உருவாகலாம். இந்திய லாபத்தின் ஒரு பகுதிக்கு ஜெர்மனி வரி கேட்கலாம். முடிவில் ஒப்பந்தம் இந்தியாவில் கையெழுத்தானது, பிறகு துணை நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற ஷரத்தோடு.

பணி ஒப்பந்தம்தான் எங்கள் ஹெச்.ஆர். பிரிவைத் திகைக்க வைத்தது. நம்மூர் மாதிரியை அப்படியே அனுப்பியிருந்தார்கள்: வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகள் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி இது பெரும்பாலும் செல்லாது, ஆனாலும் எல்லோரும் பயமுறுத்துவதற்காகப் போட்டுவைப்பார்கள். ஜெர்மனியில் இது செல்லும், ஒரு நிபந்தனையோடு: தடை இருக்கும் காலம் முழுக்க, அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதியாவது நாம் கொடுக்க வேண்டும். ஈட்டுத்தொகையே குறிப்பிடாத தடை வெறும் காகிதம். ஷரத்தை எடுத்துவிட்டோம். பணிநீக்கக் கடிதம் மையால் கையெழுத்திட்ட காகிதமாக இருக்க வேண்டும், மெயிலில் அனுப்பினால் செல்லாது என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டோம்.

மற்றவை சுலபம். தொழில் பதிவு, வரி அலுவலகத்தின் மின்னணுக் கேள்விப் பட்டியல், வணிகச் சபையில் கட்டாய உறுப்பினர், இணையதளத்தில் பொறுப்பாளர் விவரப் பக்கம்: உள்ளூர் வரி ஆலோசகர் பார்த்துக்கொண்டார். பதிவு வெளியானதும் அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றோடு கட்டண நோட்டீஸ்கள் வந்து குவிந்தன. அத்தனையும் போலி. நோட்டரி முன்பே எச்சரித்திருந்ததால், பதிவேட்டை வைத்திருக்கும் நீதிமன்றத்தின் உண்மையான கட்டணத்தை மட்டும் கட்டினோம்.

பதிவுக்குப் பிறகும் இந்தியப் பக்கம் ஓயவில்லை. பங்குக்கான ஆதாரத்தை ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும், ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு ஒரு ரிட்டர்ன், டிசம்பர் 31-க்குள் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை. அந்த அறிக்கைக்குத் தணிக்கை செய்த கணக்கு வேண்டும். இவ்வளவு சிறிய ஜி.எம்.பி.எச்-க்குத் தணிக்கை தேவையில்லை என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது; ஆனால் முழுக் கட்டுப்பாடு எங்களிடம் இருப்பதால், நம் விதியில் அந்தச் சலுகை கிடையாது. ஆக, அங்கே யாரும் கேட்காத தணிக்கைக்கு அங்கேயே ஆடிட்டர் தேடிக்கொண்டிருக்கிறோம். இது முதல் பட்ஜெட்டில் இல்லாத செலவு, போகிறவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.