அம்மாவுடன் ரோம்: எதற்கு முன்பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம்

அம்மாவுக்கு ரோம் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. முட்டி வலி கூடிக்கொண்டே போகிறது, இப்போது விட்டால் அப்புறம் நடக்க முடியாது என்று அம்மாவே சொன்ன பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை, அக்டோபரில் கிளம்பிவிட்டோம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

விசா பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். காகிதங்கள் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதுதான் கஷ்டம், அதனால் சீக்கிரமே ஆரம்பித்துவிடுங்கள்.

விசா கைக்கு வந்ததும் முதல் வேலை கொலோசியம் டிக்கெட். அதிகாரபூர்வ தளத்தில் 30 நாள் முன்னால்தான் விற்பனை திறக்கும், காலை நேர டிக்கெட்டுகள் கண்ணெதிரிலேயே காலியாகின்றன. சாதாரண டிக்கெட் 18 யூரோ, அதிலேயே பழைய ரோமின் நகர மையமான ஃபோரமும், பக்கத்தில் மன்னர் மாளிகைகள் இருந்த பாலட்டைன் குன்றும் சேர்த்தி. டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், இனிஷியல் வைத்திருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனமாக நிரப்புங்கள். தேடும்போது அசல் தளம் மாதிரியே தோற்றம் கொண்ட பல தளங்கள் முதலில் வந்து நிற்கும், அதில் ஒன்று இதே டிக்கெட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்டது. விலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

கொலோசியத்தில் அவசரமாக உள்ளே ஓடாமல் வெளிச்சுவரை ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். வளைவுகளுக்கு மேல் ரோமன் எண்கள் செதுக்கியிருக்கிறார்கள், அந்தக் காலத்து ஜனங்கள் தங்கள் நுழைவுச் சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து அந்த வாசல் வழியாக நுழைந்திருக்கிறார்கள். இப்போது மிஞ்சியிருப்பது 23 முதல் 54 வரை. 44-ஐப் பாருங்கள், கடைசி நாலுக்கு நாம் பள்ளியில் படித்த மாதிரி இல்லாமல் நாலு கோடுகளே போட்டிருக்கிறார்கள். கி.பி. 80-இல் திறந்த கட்டடத்துக்கு யாரோ உளி வைத்துக் கொத்திய எண் இன்றும் படிக்கும்படி இருக்கிறது, எனக்கு உள்ளே பார்த்ததைவிட இதுதான் அதிகம் பிடித்தது. முடியாதவர்களுக்கு உள்ளே லிஃப்ட் இருக்கிறது, ஊழியர்களிடம் தயங்காமல் கேளுங்கள், அம்மாவை அதில்தான் அழைத்துப் போனார்கள்.

ஃபோரம் வேறு விஷயம். தரை முழுக்கப் பெரிய பெரிய கருங்கற்கள், இடையில் பள்ளம், நிழலும் குறைவு. நல்ல ஷூ இல்லாமல் போகவே கூடாது. நாங்கள் பாதி பார்த்துவிட்டு மாக்சென்டியஸ் மன்னன் பெயரில் உள்ள மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். அந்த மண்டபம் எழும்புவதற்கு முன்னால் அதே இடத்தில் டொமிஷியன் மன்னன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறியில் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போன யவனர் கப்பல்களைப் பற்றி அகநானூறு சொல்கிறதே, அந்த மிளகு வந்து சேர்ந்த ஊர் இது. அம்மாவிடம் சொன்னதும், “நம்ம ஊர்ப் பக்கத்து மிளகா இங்க வந்துச்சு?” என்று எழுந்து நின்று ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

இப்போது நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லும் இடம், சான் கிளெமெண்டே தேவாலயம். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடைதான், ஆனால் கூட்டம் அங்கே வருவதில்லை. தெருவிலிருந்து நுழைந்தால் 12-ஆம் நூற்றாண்டுக் கோயில், பீடத்துக்குப் பின்னால் தங்க நிற மொசைக். அதைப் பார்க்கக் காசு கிடையாது. உள்ளே டிக்கெட் வாங்கிப் படி இறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருட்டாக, அகலமாக, மங்கிய சுவர் ஓவியங்களோடு இருக்கிறது. இன்னும் இறங்கினால் ரோமானியர் காலத்துச் செங்கல் சுவர்கள், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அளவு சந்து, மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட தாழ்வான அறை, நடுவில் காளையைக் கொல்லும் சிற்பம் வைத்த பலிபீடம். அங்கே நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், ஒரு இடத்தில் திறப்பு வழியாகக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் நூற்றாண்டில் தெருவாக இருந்த மட்டம் இன்றைய தெருவுக்கு அத்தனை கீழே போய்விட்டது, இடிந்ததை மேடாக்கி அதன் மேலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த ஊரில் மெட்ரோ ரயில் தோண்டுவது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதும் அங்கேதான் புரிந்தது. சி தடத்தில் சான் ஜியோவான்னி நிலையத்துக்குப் போனால், தோண்டும்போது கிடைத்த பொருட்களை ஆழத்தின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள், ரயில் டிக்கெட் விலையில் ஒரு அருங்காட்சியகம். சான் கிளெமெண்டேயில் படிகள் உண்டு, லிஃப்டை நம்பிப் போகாதீர்கள், அம்மா கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினார், கீழே படம் எடுக்க அனுமதி இல்லை.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஊர் முழுக்க இரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கின்றன, 1870-களில் வைக்க ஆரம்பித்தவை, வளைந்த மூக்கு வழியாக நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், குடிக்கலாம், நல்ல குளிர்ச்சி. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகப் பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்க வசதி. “இவ்ளோ தண்ணிய சும்மா ஓட விடுறாங்களே” என்று அம்மா ஒவ்வொரு குழாயிலும் சொன்னார், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர் ஆயிற்றே. ட்ரெவி நீரூற்றுக்கு வரும் தண்ணீரும் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கி.மு. 19-இல் கட்டிய கால்வாயின் வழியில் வருவதுதான்.

பஸ், மெட்ரோ இரண்டுக்கும் ஒரே டிக்கெட், 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் பதிய வேண்டும், பதியாவிட்டால் அபராதம். நாங்கள் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை வேலைநிறுத்தம் வந்தது. அன்றைக்கும் காலை எட்டரை வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓடும் என்று தங்குமிடத்தில் சொன்னார்கள், அப்படியே ஓடியது, நடுவில் உள்ள நேரத்தை நடக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டோம். விமான நிலையத்திலிருந்து டாக்ஸி எடுத்தால், பழைய கோட்டைச் சுவருக்குள் இருக்கும் இடங்களுக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு, ஏறும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டிகளோடு இரண்டு பேர் என்றால் எக்ஸ்பிரஸ் ரயிலுக்குத் தலைக்கு 14 யூரோ கொடுத்து மறுபடி பஸ் பிடிப்பதைவிட அதுவே நிம்மதி.

தேவாலயங்களுக்கு முன்பதிவே வேண்டாம், ரோமின் பாதிச் செல்வம் அங்கேதான் இலவசமாகக் கிடக்கிறது. ஒன்று மட்டும், பல கோயில்கள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிட்டு மூன்று, நாலு மணிக்குத்தான் திறக்கும். தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும், அம்மாவின் பருத்திப் புடவைக்கு எங்கும் தடை இல்லை. சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோ செய்த மோசே சிலையைப் பாருங்கள். இரண்டாம் ஜூலியஸ் போப்பின் கல்லறைக்காகச் செய்தது, விரல்கள் நீண்ட தாடிக்குள் நுழைந்து அதை ஒரு பக்கம் இழுத்திருக்கும், முன்கையில் நரம்பு புடைத்திருக்கும். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி கோயிலில் கரவாஜ்ஜோ என்ற ஓவியர் புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த ஓவியங்கள் மூன்று, விளக்குப் பெட்டியில் சில்லறை போட்டால் வெளிச்சம் வரும், சில்லறை கையில் இருக்கட்டும். தேவாலயமாக மாறிய பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு மட்டும் கட்டணம் உண்டு, நாங்கள் போனபோது 5 யூரோ. 43 மீட்டர் அகலக் குவிமாடம், உச்சியில் திறந்த துளை, மழை உள்ளே விழும், தரையில் வடிகால் ஓட்டைகளைத் தேடிப் பாருங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு தகவல். சீஸும் மிளகும் மட்டும் போட்ட ‘காச்சோ எ பெபே’ பாஸ்தாவைச் சைவம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதில் சேரும் பெகோரினோ சீஸ் ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால் செய்வது. அம்மா அதைத் தொடவில்லை. சீஸ் இல்லாத தக்காளி பீட்சாவும் கூனைப்பூவும் (ஆர்டிச்சோக்) தினமும் கிடைத்தன. எடை போட்டு விற்கும் பீட்சாக் கடையில் எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டிக் கொடுப்பார்கள்.

வாட்டிகன் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் முன்பதிவு செய்யுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம் என்று ஆசைப்பட்டு வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள், வரிசை தாங்காது. புனித பேதுரு பேராலயம் இலவசம், காலை 7 மணிக்குத் திறந்தவுடன் போனால் பாதுகாப்புச் சோதனை சட்டென்று முடிந்துவிடும். புதன்கிழமை காலை போப் சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார், அப்போது பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க முடியாது. குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்டில் போனாலும் 320 படி ஏறியாக வேண்டும், நடை குறுகிச் சாய்ந்துகொண்டே போகும், இறங்குகிறவர்களுக்கும் வேறு வழி, பாதியில் திரும்ப முடியாது. நான் மட்டும் ஏறினேன், அம்மா கீழே பேதுருவின் வெண்கலச் சிலைக்குப் பக்கத்திலேயே இருந்தார். திரும்பி வந்தபோது, யாத்ரீகர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த அந்தப் பாதத்தைத் தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொன்னார், அப்புறம் காபி கேட்டார்.