பங்குனிப் பிறையில் மூன்று பெயர்கள்

2 ஏப்ரல் 2025, புதன்

நிலவின் நம் பக்கத்தில் சின்னத் தொலைநோக்கிக்கு எட்டுகிற, இந்தியப் பெயர் கொண்ட பள்ளங்கள் மூன்று: ஆர்யபட்டா, சாராபாய், ராமன். இந்த வளர்பிறையில் மூன்றையும் பார்த்துவிடலாம். கருவி 150 மி.மீ. ஆடி கொண்ட டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கி), குவியத்தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு, 10-க்கு 120, 6-க்கு 200.

முதல் தடுமாற்றம் திசையில்தான் வரும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் படம் தலைகீழ். வரைபடத்தை 180 பாகை திருப்பி வைத்தால் போதும். மூலைக்கண்ணாடி போட்ட லென்ஸ் தொலைநோக்கியில் இடவலம் மாறிவிடும். அதற்குக் கண்ணாடிப் பிம்ப வரைபடமே வேண்டும். இன்னொன்று: நிலவின் கிழக்கு என்பது வானத்தில் நம் மேற்கு அடிவானத்தைப் பார்க்கிற பக்கம்.

3 ஏப்ரல், வியாழன்

ஆர்யபட்டா. அமைதிக் கடலின் (கடல் என்பது உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளி) கிழக்குப் பகுதி, 6 பாகை வடக்கு, 35 கிழக்கு. பகலும் இரவும் சந்திக்கும் கோடு இன்று இரவு 8 மணிக்கு 25 கிழக்கை ஒட்டி நிற்கிறது. அப்படியானால் ஆர்யபட்டாவில் சூரியன் 10 பாகை உயரத்தில்தான் இருக்கும். மேடுகளைப் பிரித்துக் காட்ட அந்தச் சாய்வு வெயில் அவசியம்.

மாஸ்கெலின் பள்ளத்தைப் பிடித்து அங்கிருந்து வடகிழக்கே போக வேண்டும். முழு வட்டத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். 22 கி.மீ. அகலப் பள்ளத்தை எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. கிழக்கு விளிம்பு மட்டும் வில்லாக எஞ்சியிருக்கிறது. 48 மடங்கில் வெறும் கீறல், 120-இல் வில். கடலில் ஓடும் சுருக்க மேடுகளை அதுவென்று நினைத்துவிடுவது சகஜம். சுருக்க மேடு நெளிந்து போகும், இது ஒரே சீராக வளையும்.

பழைய வரைபடத்தில் இதன் பெயர் மாஸ்கெலின் ஈ. பெரிய பள்ளத்தின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அக்கம்பக்கத்துச் சிறுபள்ளங்களைக் குறிப்பது பழைய வழக்கம். வரைபடத்தில் எந்தப் பெரியவருக்குச் சொந்தம் என்ற குழப்பம் வராமலிருக்க, எழுத்தைத் தாய்ப்பள்ளத்தைப் பார்த்த பக்கத்தில் போடுவார்கள். இந்த வாடகை வீட்டு முகவரி மூன்று இந்தியர்களுக்கும் பொது: சாராபாய் முன்பு பெஸ்ஸல் ஏ, ராமன் ஹெரோடோட்டஸ் டி.

4 ஏப்ரல், வெள்ளி

சாராபாய். மேர் செரினிடாட்டிஸ் என்ற இன்னொரு கடலின் நடுவே 16 கி.மீ. அகலப் பெஸ்ஸல் பள்ளம் தனியாகக் கிடக்கும். அதிலிருந்து வடகிழக்கே பெஸ்ஸலின் அகலத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு தூரம் நகர்ந்தால் ஒரு கருப்புப் புள்ளி. அகலம் 8 கி.மீ., ஆழம் 1.7 கி.மீ. நமக்கு அது 4 விகலைதான் (ஒரு விகலை பாகையில் 3600-இல் ஒரு பங்கு), ஆனாலும் சுற்றிலும் சமவெளி என்பதால் தப்பாது.

200 மடங்கில் நிதானமாகப் பார்த்தால் உள்ளே கணக்கு தெரியும். சூரியன் கிழக்கே 8 பாகை உயரம். கிழக்கு விளிம்பைத் தாண்டி வரும் ஒளி எதிர்ச்சுவரின் மேல்பாதியில்தான் விழும்; அடித்தளத்துக்கு இறங்காது. அதனால் கருங்குழி, அதன் மேற்கு ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெளிச்சம்.

இதற்கு நடுங்காத காற்று வேண்டும். பகல் முழுக்கக் காய்ந்த மொட்டைமாடித் தளம் ராத்திரி அனலைக் கக்கும். பிம்பம் கொதிக்கிற தண்ணீருக்கடியில் இருப்பது போல் அலையும். மடங்கைக் கூட்டினால் அலைச்சலும் கூடுமே தவிர விவரம் கூடாது. குழாயை முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வைப்பதும், தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் உதவும். முடிந்தால் மண்தரை.

6 ஏப்ரல், ஞாயிறு

இந்தியப் பெயர் இல்லாத நாள். டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாக்கெல் என்ற மூன்று பள்ளங்களும் வரிசையாக. நடுவில் இருப்பது ஸ்பெயினின் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்போன்சோ பெயரில். 1965 மார்ச் 24-இல் அமெரிக்க விண்கலம் ரேஞ்சர் 9 மோதியது அங்கேதான். தெற்கே 33 கி.மீ. ‘ஹெல்’. நரகமில்லை, 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே நகர்ந்ததை நார்வேயின் வார்டோவில் பார்த்த மாக்சிமிலியன் ஹெல் பாதிரியார்.

10 ஏப்ரல், வியாழன்

ராமன். மூன்றில் இதுதான் கடினம். கோடு 61 மேற்கில், ராமன் 55 மேற்கில், 27 வடக்கில். சூரியன் 5 பாகை. முழு நிலவில் மிகப் பிரகாசமான அரிஸ்டார்க்கஸ் முதல் படி. பக்கத்தில் ஹெரோடோட்டஸ். அதற்கு வடக்கே தொடங்கி வளைந்து போகும் ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கைத் தொடர்ந்து, அதன் வளைவைத் தாண்டி வடமேற்கே. அகலம் 10 கி.மீ. சொச்சம். விளிம்புப் பக்கம் இருப்பதால் பார்வைக் கோணம் அதைப் பாதியாக நசுக்கிவிடும். அரிஸ்டார்க்கஸைப் பார்வை வட்டத்துக்கு வெளியே தள்ளிய பிறகு தேடுவது நல்லது. அதன் கூச்சம் எல்லாவற்றையும் மறைக்கும்.

திருச்சியில் பிறந்த, 1930-இல் நோபல் பெற்ற ஒருவருக்கு இத்தனை சிறிய குழியா என்ற ஆதங்கம் வரும். இங்கே பெரிய இடமெல்லாம் 1651-இலேயே நிலா வரைபடம் வெளியிட்ட இத்தாலியர் ரிச்சியோலி பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். பின்னர் காலியாகக் கிடைத்தது மறுபக்கம். 1970-இல் அங்கே ஜகதீஷ் சந்திர போஸ், சாஹா, மித்ரா, ஹோமி பாபா ஆகிய விஞ்ஞானிகளுக்கு இடம் கிடைத்தது. போஸின் பள்ளம் 91 கி.மீ. ராமன் அந்த நவம்பரில்தான் காலமானார், பெயர் 1976-இல். மறுபக்கப் பெரும்பள்ளங்களைப் பூமியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் இந்தச் சின்னக் குழியே மேல்.

11 ஏப்ரல், வெள்ளி

பங்குனி உத்திரம். புயற்கடலில் கலிலியோவின் பள்ளம், 15 கி.மீ.தான். ரிச்சியோலி அவர் பெயரைக் கொடுத்தது பக்கத்துப் பிரகாசத் திட்டுக்கு, இன்றைய ரைனர் காமா. அது பள்ளமே இல்லை என்று தெரிந்ததும், நிலா வரைபடம் போட்ட ஜெர்மானியர் மேட்லர் அந்தப் பெயரை இந்தக் குழிக்கு மாற்றினார். முழு நிலவு நெருங்குவதால் இனி நிழல் கிடையாது.

அடுத்த வாய்ப்பு தேய்பிறையில்: ஏப்ரல் 17 விடிகாலை 2 மணிக்கு ஆர்யபட்டா, மறுநாள் அதே நேரம் சாராபாய். வெயில் அப்போது மேற்கிலிருந்து வரும். ஆர்யபட்டா வில்லின் உட்பக்கம் மின்னும், நிழல் வெளியே விழும்.