பொழுது போகுமுன்னே

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பொலப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. கிழங்கு தோண்ட, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அக்காமார் கைக்காசுக்கு வருவார்கள். அவர்கள் கைகால் கழுவி வருவதற்குள் அன்றைய கூலியை எண்ணி வைத்துவிடுவோம். பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது வேதாகமத்தின் உபாகமம் 24:15. தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு லொறி போய்க் காசு வரட்டும் என்று சாக்குச் சொல்ல அந்த வசனத்தில் இடமே இல்லை. வாங்கிய கையோடு அவர்கள் போவது கடைக்கு, மாவும் பருப்பும் வாங்க. அடுத்த வாரம் தரும் காசு அன்றிரவு அடுப்புக்கு உதவாது.

தராசும் அப்படித்தான். அம்மா காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஈரக்கொழுந்து என்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிலோ கிலோவாகக் கழித்ததை இன்றும் வேதனையோடு சொல்லுவார். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" (நீதிமொழிகள் 11:1) என்பதை எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான். அதனால் கிழங்கு நிறுக்கும் முன் தட்டில் ஒட்டிய மண்ணை வழித்துத் துடைத்துவிடுவேன்.

சபையில் தோட்டம் வைத்திருக்கிற அண்ணன்மாரே, நாளைக்குக் கிழங்கு தோண்டுகிறீர்கள் என்றால் கூலிக்காசைக் காலையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.